பள்ளி வாசலில் பிள்ளைகள் காற்றை அளந்தால் அது ஆராய்ச்சியாகுமா?

மதுரைக்குப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கும் ஆசிரியர் ஒருவர் கேட்டிருந்தார்: "ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து எங்கள் ஊர்க் காற்றின் தரத்தை ஆராயலாம் என்றிருக்கிறேன். கையில் பத்தாயிரம் ரூபாய் பக்கம் இருக்கிறது. எந்தக் கருவி வாங்குவது? பிள்ளைகள் எடுக்கிற அளவை யாராவது மதிப்பார்களா?" பார்க்கக் கருவியைப் பற்றிய கேள்வி மாதிரி இருக்கிறது. ஆனால் அவர் மனதில் உறுத்துவது கடைசி வரிதான் என்று நினைக்கிறேன். சார்ட் ஒட்டி, விருந்தினர் வந்து பார்த்துவிட்டுப் போனதும் சுருட்டி பீரோ மேலே போடுகிற இன்னொரு புராஜெக்டாக இது முடியுமா, இல்லை யாருக்கும் இதுவரை தெரியாத ஒன்றைப் பிள்ளைகள் நிஜமாகவே கண்டுபிடிப்பார்களா? அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன். கருவி நடுவில் வரும்.

நான் சுற்றுச்சூழல் வேதியியல் படித்தவன். காற்று மாதிரி எடுத்து வடிதாளை எடை போடுகிற வேலையில் தொடங்கி, பிறகு பல ஆண்டுகளாகப் பள்ளிகளோடும் இதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறேன். மருத்துவன் இல்லை. அதனால் மூச்சிரைப்பு, ஆஸ்துமா பற்றி நான் சொல்வதைப் பொதுவாகப் படித்தவன் சொல்வதாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கண்டிப்பாக ஆராய்ச்சியாகும். ஆனால் எல்லாக் கேள்விக்கும் ஆகாது. "எங்கள் ஊர்க் காற்று நல்லதா கெட்டதா" என்று கேட்டால், மலிவுக் கருவி தருகிற எண்ணை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. "காலை மணி அடிக்கிறதுக்கு முந்தின அரை மணி நேரத்தில் பள்ளி வாசலில் இருக்கிற தூசி, அதே நேரம் பின்பக்க மைதானத்தில் இருக்கிறதைவிட அதிகமா" என்று கேட்டால் சொல்ல முடியும். முதல் கேள்விக்கு எண் மிகச் சரியாக இருக்க வேண்டும். இரண்டாவதற்கு இரண்டு கருவியும் ஒரே மாதிரி தப்பு செய்தால் போதும். நான் பார்த்த பள்ளி புராஜெக்டுகளில் பாதிக்கு மேல் முதல் வகைக் கேள்வியை எடுத்துக்கொண்டுதான் சிக்கிக்கொள்கின்றன.

அரசு எப்படி அளக்கிறது என்று பிள்ளைகளுக்கு முதலில் தெரிய வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கைமுறை நிலையங்களில் எடை போட்ட வடிதாள் வழியாகக் காற்றை 24 மணி நேரம் இழுப்பார்கள். பிறகு தாளை மறுபடி எடை போட்டு, கூடிய எடையை இழுத்த காற்றின் கன அளவால் வகுப்பார்கள். தேசியக் கண்காணிப்புத் திட்டப்படி வாரத்துக்கு இரண்டு நாள், ஆண்டுக்கு 104 நாள் இப்படி எடுக்க வேண்டும். 2009-ல் வந்த இந்தியத் தரவரையறைப்படி 2.5 மைக்ரானும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அதற்குக் கீழுமான நுண்துகள், அதாவது பி.எம். 2.5, 24 மணி நேரச் சராசரியில் கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராமையும் ஆண்டுச் சராசரியில் 40-ஐயும் தாண்டக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் தன் வழிகாட்டு அளவை 15, 5 என்று இறக்கிவிட்டது. தேசியத் தூய காற்றுத் திட்டம் 2019-ல் தொடங்கியது. அதன் நகரப் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து சென்னை, திருச்சி, தூத்துக்குடியோடு மதுரையும் இருக்கிறது. ஆக, அரசாங்கத்துக்கும் இது அக்கறையுள்ள விஷயம்தான்.

உங்கள் பிள்ளைகளுக்கு இடம் எங்கே என்றால், அந்த 24 மணி நேரச் சராசரிக்கு உள்ளேதான். நகரில் சில இடங்களில், சில நாட்களில் எடுக்கிற நாள் சராசரிக்கு உங்கள் பள்ளி வாசலின் எட்டே முக்கால் மணி தெரியாது. ஷேர் ஆட்டோ வந்து நிற்பது, அப்பாமார் வண்டியை அணைக்காமல் பிள்ளையை இறக்கிவிடுவது, மண் லாரி ஒன்று குழியில் இறங்கி ஏறுவது, பக்கத்துக் காலி மனையில் யாரோ குப்பையைக் கொளுத்துவது, இதெல்லாம் அந்த ஒற்றை எண்ணுக்குள் கரைந்துபோகும். நாள் முழுக்க அங்கேயே இருக்கிறவர்கள் உங்கள் பிள்ளைகள்தான். அவர்கள் அளந்தால்தான் அது தெரியவரும். பெரிய ஆய்வகம் செய்ய வேண்டியதைச் சின்னதாக நகலெடுக்கிற வேலை இல்லை இது.

இப்போது கருவி. கடையில் கிடைக்கிற மலிவு உணரிகளில் பிளான்டவர் பி.எம்.எஸ். 5003, நோவா எஸ்.டி.எஸ். 011 என்கிற இரண்டும் பரவலாகப் புழங்குகின்றன. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் 2015-ல் சாதாரண மக்கள் தொடங்கிய அளவீட்டு வலைப்பின்னல் இந்த இரண்டாவதை வைத்துத்தான் வளர்ந்தது. உணரி, அதன் எண்களைப் படித்துப் பதிகிற ஈ.எஸ்.பி. 32 என்கிற சின்னக் கணினிப் பலகை, ஈரப்பதம் அளக்க ஒரு சில்லு, எஸ்.டி. கார்டு, பவர் பேங்க் எல்லாம் சேர்த்து ஒரு பெட்டிக்கு நாலாயிரம் ரூபாய் பக்கம் வரும். உங்கள் பணத்துக்கு இரண்டு பெட்டி. ஒன்றை மட்டும் வாங்காதீர்கள். நல்லதாக ஒன்று வாங்குவதைவிடச் சுமாராக இரண்டு வாங்குவது மேல். ஏன் என்பது கொஞ்சத்தில் புரியும்.

இந்த உணரி எதையும் எடை போடுவதில்லை. உள்ளே ஒரு சின்ன விசிறி காற்றை இழுக்கும், லேசர் ஒளி குறுக்கே போகும், துகள் பட்டுச் சிதறுகிற வெளிச்சத்தை வைத்து "இவ்வளவு துகள், இவ்வளவு எடை இருக்கும்" என்று கணக்குப் போட்டு எண்ணைக் கொடுக்கும். அதாவது துகளின் வடிவம், அடர்த்தி எல்லாம் தொழிற்சாலையில் யாரோ வைத்துக்கொண்ட அனுமானம். பி.எம்.எஸ். 5003-ஐச் செய்கிறவர்களே, 100 மைக்ரோகிராம் வரைக்கும் பத்து கூடவோ குறையவோ காட்டலாம் என்று எழுதிக் கொடுக்கிறார்கள். ஒரு பெட்டி 38-ம் இன்னொன்று 45-ம் காட்டினால், காற்று வேறா கருவி வேறா என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல வழியில்லை.

இதில் எனக்குச் சந்தேகமே இல்லாத இரண்டு குறைகளைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, ஈரம். காற்றில் ஈரப்பதம் எண்பது விழுக்காட்டைத் தாண்டினால் துகள்கள் நீரை இழுத்துப் பருத்துவிடும், உணரி அதையும் தூசி என்று எண்ணிக் கூட்டிக் காட்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலக் காலைகளில் வருகிற எண்களை அப்படியே நம்பாதீர்கள். ஈரப்பதத்தையும் சேர்த்தே பதிந்து, எண்பதுக்கு மேல் போன நேரங்களைத் தனியாகக் குறித்துவிடுங்கள், அழிக்க வேண்டாம். இரண்டு, பெரிய தூசி. இந்த உணரிகள் பி.எம். 10, அதாவது 10 மைக்ரானும் அதற்குக் கீழுமான துகள், என்று ஓர் எண்ணையும் காட்டும். அது பெரும்பாலும் சிறு துகளைப் பார்த்துவிட்டுப் பெரிய துகளை ஊகிக்கிற எண். சாலைப் புழுதி, மேலூர்ப் பக்கத்துக் கல் குவாரித் தூசி, ஜல்லிக்கட்டு வாடிவாசலில் எழும்புகிற மண் எல்லாம் பருந்தூசி. அதில் பெரும்பகுதியை உணரி பார்க்காது. கண்ணெதிரே புழுதி பறக்கும்போது எண் அசையாமல் இருப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் "சார், கருவி கெட்டுப்போச்சு" என்பார்கள். கெட்டுப்போகவில்லை, அது இவ்வளவுதான். பி.எம். 10 பத்தியை அறிக்கையில் சேர்க்கவே வேண்டாம்.

எம்.க்யூ. 135 என்று இருநூறு ரூபாய்க்குள் ஒரு வாயு உணரி கிடைக்கும். அறிவியல் கண்காட்சியில் "காற்றுத் தரக் குறியீடு அளக்கும் கருவி" என்று பத்து மேசையில் அதுதான் இருக்கும். அம்மோனியா, சாராய ஆவி, பென்சீன், புகை எல்லாவற்றுக்கும் அது அசையும். வெயிலுக்கும் ஈரத்துக்கும்கூட அசையும். எது என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. விளக்கு எரிய வைக்கலாம், ஆராய்ச்சிக்கு உதவாது.

சரி, பெட்டி இரண்டும் வந்துவிட்டது. உடனே வெளியே தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். முதல் ஒரு வாரம் இரண்டையும் பள்ளி வராந்தாவில் பக்கத்தில் பக்கத்தில், ஒரே உயரத்தில் வையுங்கள். ஒரே காற்றைத்தான் இரண்டும் பார்க்கின்றன. இருந்தும் எண் ஒன்றாக இருக்காது. பிள்ளைகள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறைச் சராசரியை எடுத்து, ஒரு பெட்டியின் எண்ணைக் குறுக்கேயும் மற்றதன் எண்ணை நெடுக்கேயும் வைத்து வரைபடத் தாளில் புள்ளி வைக்கட்டும். புள்ளிகள் ஏறத்தாழ ஒரு கோட்டில் விழும். "இரண்டாவது பெட்டி எப்போதும் ஏழெட்டு கூடக் காட்டுகிறது" என்றோ, "ஒன்றே கால் மடங்கு காட்டுகிறது" என்றோ அவர்களே சொல்வார்கள். கோட்டிலிருந்து புள்ளிகள் எவ்வளவு சிதறுகின்றனவோ அதுதான் உங்கள் கருவியின் நிஜமான நிச்சயமின்மை. அதற்குள் அடங்குகிற வித்தியாசத்தைப் பின்னால் எங்கேயும் கண்டுபிடிப்பு என்று சொல்லக் கூடாது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த ஒரு வாரம் சொல்லிக்கொடுக்கிறதை எந்தப் பாடமும் சொல்லிக்கொடுத்து நான் பார்த்ததில்லை. கருவி ஒன்றுதான் இருந்தால் இது எதுவுமே நடக்காது. இதே ஒப்பீட்டை வேலை முடிந்த பிறகும் இன்னொரு முறை செய்ய வேண்டும், ஏனென்றால் தூசி படியப் படிய உணரி நகர்ந்துபோகும்.

அப்புறம் கேள்வி. அதைப் பிள்ளைகள்தான் எடுக்க வேண்டும். நீங்கள் எடுத்துக் கொடுத்தால் மூன்றாம் வாரத்தில் ஆர்வம் போய்விடும். ஆனால் ஒரு நிபந்தனை வையுங்கள்: கேள்விக்குள் "எதைவிட" என்ற சொல் இருக்க வேண்டும். வாசலா மைதானமா? தண்ணீர் தெளித்த மண் ரோடா தெளிக்காததா? விறகு அடுப்பா கேஸ் அடுப்பா? போகி அன்றைக்கா அதற்கு முந்தின வாரமா? தீபாவளிக்கு 2018-லிருந்து தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று வெடி நேரம் வைத்திருக்கிறார்கள். ஊர் அந்த நேரத்தைக் கடைப்பிடிக்கிறதா என்பதைப் பெட்டி நிமிடக்கணக்காகச் சொல்லிவிடும். அது சுலபமான, பிள்ளைகளுக்குப் பிடித்த புராஜெக்ட். ஆனால் ஒரே நாள்தான் கிடைக்கும், மழை பெய்தால் அதுவும் போச்சு.

நகருக்குள் இருக்கிற பள்ளியாக இருந்தால் நான் முதலில் சொல்வது மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியிருக்கிற வீதிகளைத்தான். சித்திரை வீதிகளில் வண்டி விடுவதில்லை. அடுத்த சுற்று ஆவணி மூல வீதி, அதற்கு வெளியே மாசி வீதி, அதற்கும் வெளியே வெளி வீதி. ஒரே ஊர், ஒரே வானிலை. உள்ளேயிருந்து வெளியே நடக்க நடக்க வண்டி கூடிக்கொண்டே போகிறது. இப்படி ஓர் ஆய்வு அமைப்பை யாராவது செலவழித்து உருவாக்க வேண்டுமென்றால் கோடிக்கணக்கில் ஆகும், மதுரைக்காரர்களுக்குச் சும்மா கிடைத்திருக்கிறது. வண்டி மட்டும்தான் மாறுகிறதா என்று பிள்ளைகளைக் கேளுங்கள். வீதியின் அகலம், கட்டட உயரம், இட்லிக் கடை, எண்ணெய்ச் சட்டி, சாம்பிராணி என்று அவர்களே அடுக்குவார்கள். ஒரு பெட்டியை ஒரே வீதியில் நிறுத்திவிட்டு இன்னொன்றை மட்டும் நடத்திக்கொண்டு போனால், நேரம் ஆக ஆகக் காற்று மாறுவதைக் கழித்துவிடலாம்.

உங்கள் பள்ளி நகருக்கு வெளியே என்பதால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் வாசலைத்தான் எடுப்பேன். ஒரு பெட்டி வாசலில், ஒரு பெட்டி வாசலிலிருந்து முடிந்தவரை தள்ளி மைதானத்தில். இரண்டும் பிள்ளைகள் மூச்சு விடுகிற உயரத்தில், தரையிலிருந்து நாலு அடி. எட்டு மணியிலிருந்து பத்து மணிவரை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பெட்டிகளை இடம் மாற்றுங்கள். எந்தப் பெட்டி கூட்டிக் காட்டினாலும் இரண்டு இடத்துக்கும் சமமாகப் போய்ச் சேரும். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்பதற்குக் கம்பில் கட்டிய நூல் போதும், அரை மணிக்கு ஒரு தடவை குறித்தால் சரி.

பெட்டியைவிட முக்கியம் பக்கத்தில் உட்காருகிற பிள்ளையின் நோட்டு. நான் வைத்திருக்கச் சொல்கிற நோட்டில் மூன்றே பத்தி: மணி, என்ன நடந்தது, எவ்வளவு தூரத்தில். "8.40 டிராக்டர் வந்து நின்றது, எஞ்சினை அணைக்கவில்லை, வாசலுக்கு எதிரே. 8.46 வடைக்காரக்கா சட்டியை அடுப்பில் ஏற்றினார். 8.52 பத்தாம் வகுப்பு அக்கா வாசலைக் கூட்டுகிறார், தண்ணீர் தெளிக்கவில்லை." சாயங்காலம் கணினியில் வரைபடத்தைத் திறந்தால் 8.46-க்கு ஒரு மேடு இருக்கும். நோட்டு இல்லையென்றால் அந்த மேட்டை வண்டிப் புகை கணக்கில் எழுதியிருப்பார்கள். எண்ணெய் காய்கிற புகையில் நுண்துகள் அதிகம், பத்தடி தள்ளி நிற்கிற பஸ்ஸைவிட அதிகம் காட்டிவிடும். அதே சமயம் கூட்டுகிற இடத்தில், முன்பு சொன்ன காரணத்தால், பெட்டி அவ்வளவாக அசையாது. கூட்டுகிற பிள்ளை மட்டும் தும்மிக்கொண்டிருக்கும்.

அந்தப் பருந்தூசிக்குக் கருவியே வேண்டாம். கண்ணாடிச் சில்லில் வாஸ்லின் களிம்பை மெல்லிசாகத் தடவி, மழை படாத இடத்தில் ஒரு நாள் வைத்துவிட்டுப் பள்ளி நுண்ணோக்கியில் பாருங்கள். பளபளக்கிற மணல் துகள், கறுப்பாகக் கரித் தூள், துணி நார், மகரந்தம் எல்லாம் தெரியும். குறிப்பிட்ட சதுரத்துக்குள் எத்தனை என்று எண்ணினால் அதுவும் ஒப்பிடத்தக்க அளவுதான். இலையில் படிகிற தூசியை எடை போடுவதும் உண்டு. புங்க இலைகளைப் பறித்து, வரைபடத் தாளில் பரப்பைக் கணக்கிட்டு, கழுவிய நீரை வடிகட்டி, தாளைக் காயவைத்து நிறுக்க வேண்டும். இதில் வில்லங்கம் வடிதாள்தான்: அது காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துத் தூசியைவிட அதிகமாகக் கனத்துவிடும். முன்னும் பின்னும் ஒரே மாதிரி காயவைக்காவிட்டால் வருகிற எண் ஈரத்தின் எடை. ஐந்தாறு இலை போதாது, மடி நிறையப் பறிக்க வேண்டும். ஒரு மழை பெய்தால் இலை கழுவப்பட்டுவிடும் என்பதால் கடைசியாக எப்போது மழை என்பதையும் எழுதிவையுங்கள்.

கணக்குக்கு வருவோம். இங்கேதான் பள்ளிப் புராஜெக்ட் ஆராய்ச்சியாக மாறுகிறது. பத்துப் பள்ளி நாள் அளந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு நாளும் வாசலுக்கு ஓர் இடைநிலை அளவு (எண்களை வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்பது), மைதானத்துக்கு ஓர் இடைநிலை அளவு எடுங்கள். கூட்டுச் சராசரி வேண்டாம், ஒரு குப்பைப் புகை அதை எங்கேயோ தூக்கிக்கொண்டு போய்விடும். ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்திலேயே இரண்டும் இருக்கிறது, ஏன் ஒன்றைவிட்டு ஒன்றை எடுக்கிறோம் என்பது இங்கேதான் புரியும். பத்து நாளில் எத்தனை நாள் வாசல் அதிகம்? உண்மையில் இரண்டு இடமும் ஒன்றுதான் என்றால், ஒவ்வொரு நாளும் நாணயம் சுண்டுகிற கதைதான். தலையும் விழலாம், பூவும் விழலாம். பத்துத் தடவை சுண்டினால் 1,024 விதமாக விழலாம். அதில் ஒன்பதோ பத்தோ தலை விழுகிற விதங்கள் 11 மட்டும். அதாவது நூற்றுக்கு ஒன்றுதான். ஒன்பது நாள் வாசல் அதிகம் என்று வந்தால் "தற்செயல்" என்று யாரும் தள்ளிவிட முடியாது. எட்டு நாள் என்றால், எட்டோ அதற்கு மேலோ தலை விழுகிற விதங்கள் 56, நூற்றுக்கு ஐந்தரை. இன்னும் பத்து நாள் அளந்துவிட்டுப் பேசுவது நல்லது. ஏழு என்றால் வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது. இந்தக் கணக்கைப் பிள்ளைகள் தாங்களே போடுவார்கள், எந்த மென்பொருளும் வேண்டாம். கல்லூரி ஆய்வேடுகளிலேயே இதைக் காணோம் என்பது தனிக் கதை.

காற்றுத் தரக் குறியீடு, அந்தப் பச்சை மஞ்சள் சிவப்பு எண், அதற்கு மாற்ற ஆசை வரும். மாற்றாதீர்கள். 2015-லிருந்து இந்தியாவில் புழங்குகிற குறியீடு துகளுக்கு 24 மணி நேரச் சராசரியைக் கேட்கிறது, குறைந்தது மூன்று மாசுகளின் அளவையும் கேட்கிறது. பத்து நிமிடத்து எண்ணைப் போட்டு "எங்கள் பள்ளி ஆபத்துப் பகுதி" என்று எழுதினால், வாரியத்துப் பொறியாளர் முதல் வரியிலேயே மூடி வைத்துவிடுவார். அவர் செய்வதும் நியாயம்தான்.

"எத்தனை பிள்ளைக்கு வீசிங் இருக்கு" என்று ஒரு கணக்கெடுத்து அதைத் தூசி எண்ணோடு பொருத்திப் பார்க்கவும் சிலர் ஆசைப்படுவார்கள். அதையும் விட்டுவிடுங்கள். தெற்கு கலிஃபோர்னியாவில் பள்ளிக் குழந்தைகளின் நுரையீரல் வளர்ச்சியைக் காற்று மாசோடு சேர்த்துப் பார்த்த ஆய்வு 1990-களில் தொடங்கியது. ஆயிரக்கணக்கான குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த பிறகுதான் அவர்களால் பேச முடிந்தது. நாற்பது பேர் வகுப்பில் எதுவும் தெரியாது. தவிர, ஒரு பிள்ளையின் நோய் வகுப்பு முழுக்கத் தெரிந்துபோகும். இளைப்பு இருக்கிற பிள்ளையை வாசல் பெட்டிக்கு உட்கார வைக்காமல் கணக்குக் குழுவில் போடுங்கள், காரணத்தை வெளியே சொல்லாதீர்கள். பெற்றோரிடம் ஒரு வரிச் சம்மதம் எழுதி வாங்கிவிடுங்கள். இன்னொன்று: பெண் பிள்ளைகளைப் பதிவேடு எழுதவும் ஆண் பிள்ளைகளைப் பெட்டி தூக்கவும் விடுகிற வழக்கம் எங்கே போனாலும் தானாக வந்துவிடுகிறது. வாரா வாரம் மாற்றிப் போட்டால்தான் உடையும்.

வாசலில் பெட்டியைக் கட்டினால் கடைக்காரர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். "என்னப்பா இது, எங்க கடைய மூட வந்த மிசினா?" என்று வடைக்காரக்காவே கேட்பார். "இல்லக்கா, ரோட்டுத் தூசி எவ்வளவுன்னு பாக்குறோம்" என்று சொல்லிவிட்டு எண்ணையும் அவரிடமே காட்டச் சொல்லுங்கள். அறிக்கையில் கடையின் பெயர், வீட்டின் அடையாளம் எதுவும் வரக் கூடாது. "சமையல் அடுப்பு, பத்தடி" என்றால் போதும். மின்கம்பத்தில் கட்டாதீர்கள், அதற்கு மின்வாரிய அனுமதி வேண்டும், ஆபத்தும்கூட. பள்ளிச் சுவரிலேயே கட்டுங்கள். பி.வி.சி. வளைவுக் குழாயைக் கவிழ்த்து வைத்தால் மழைக்குப் போதும். குழாயின் வாய்க்கு நைலான் வலை அவசியம். இல்லாவிட்டால் சிலந்தி உள்ளே வலை பின்னிவிடும், எண் நாள் முழுக்க உச்சத்தில் நிற்கும், நீங்கள் ஊரில் எங்கே தீ என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

காலத்தைப் பொறுத்தவரை: ஆடி, ஆவணியில் காற்று பலமாக அடிக்கும், தூசி நிற்காது, வித்தியாசம் தெரியாது. அந்த மாதங்களை வராந்தா ஒப்பீட்டுக்கும் கேள்வி எடுப்பதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். காலாண்டுத் தேர்வு, மழை, அரையாண்டுத் தேர்வு எல்லாம் தாண்டி ஜனவரி, பிப்ரவரிதான் உங்கள் அளவீட்டுக் காலம். அப்போது விடியற்காலையில் தரையோரக் காற்று குளிர்ந்து, மேலே வெதுவெதுப்பான காற்று மூடி போட்டது மாதிரி உட்கார்ந்திருக்கும். புகை மேலே போக வழியில்லாமல் கீழேயே தங்கும். வெயில் ஏறி ஒன்பதரை, பத்து மணிக்கு அது கலையும்போது இரண்டு பெட்டியிலும் எண் சேர்ந்தே இறங்கும். வண்டி குறைந்ததால் இறங்கியது என்று பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். மைதானத்துப் பெட்டியும் இறங்கியிருக்கிறதே என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், மிச்சத்தை அவர்களே பிடித்துக்கொள்வார்கள்.

முடிவை எங்கே கொண்டுபோவது என்றும் யோசித்திருப்பீர்கள். குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993-லிருந்து இப்படி உள்ளூர் ஆய்வுகளுக்காகவே வந்தது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்து மாவட்ட ஆட்களிடம் பேசினால் வழிகாட்டுவார்கள். ஊராட்சிப் பகுதியென்றால் கிராம சபை இருக்கிறது, அது ஜனவரி 26-லும் மார்ச் 22-லும் கூடும், மார்ச் கூட்டம் உங்கள் அளவீடு முடிகிற சமயத்துக்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் என் அனுபவத்தில் முதலில் கேட்க வைக்க வேண்டியது தலைமையாசிரியரைத்தான். "வண்டிகளை வாசலுக்கு ஐம்பது அடி தள்ளி நிறுத்தச் சொல்லலாம், எஞ்சினை அணைக்கச் சொல்லலாம், கூட்டுவதற்கு முன் தண்ணீர் தெளிக்கலாம்" என்று மூன்று வரி. இதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம், காசும் வேண்டாம். செய்து பார்த்துவிட்டு, அடுத்த பத்து நாள் அதே மாதிரி அளங்கள். வாசல் எண் குறைந்ததா என்று மட்டும் பார்க்காதீர்கள், அதற்குள் வெயில் காலம் வந்து மைதானத்திலும் குறைந்திருக்கும். வாசலுக்கும் மைதானத்துக்கும் இடையிலான வித்தியாசம் சுருங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சுருங்கவில்லை என்றாலும் அதை அப்படியே எழுதுங்கள்.

கருவி வந்ததும் வராந்தாவில் எடுத்த முதல் வாரத்து எண்களை, ஈரப்பதப் பத்தியோடு சேர்த்து, இங்கேயே பதியுங்கள். எந்தப் பெட்டி எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது, எந்த வித்தியாசம்வரை நம்பலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். அதற்கு முன்னால் பிள்ளைகளே ஒரு பதிலை எழுதி வைத்திருக்கட்டும்.